கல்லூரி மாணவர்கள் இன்னொரு மொழி கற்பது எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களும், சேர்க்கை நேரத்தில் பெற்றோரும், அவ்வப்போது கல்லூரி ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஜெர்மனைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன் என்றாலும், ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் படிப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

மாணவர்கள் உண்மையில் எதற்காக வருகிறார்கள்?

ஒரகடம் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். 2010இல் அங்கே ரெனோ–நிசான் கார் தொழிற்சாலை வந்தது. 2012இல் டெய்ம்லரின் டிரக் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990களின் கடைசியிலிருந்தே கார் தயாரித்துவருகிறது. பிரெஞ்சு, ஜப்பானியம், ஜெர்மன், கொரியம் என்று நான்கு மொழிகளின் நிறுவனங்களும் சென்னையை ஒட்டிய ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. மெக்கானிக்கல் படிக்கிற மாணவர் அந்தச் சாலையில் கல்லூரிப் பஸ்ஸில் போய்வருகிறபோதே மொழி ஆசை வந்துவிடுவதில் வியப்பில்லை.

அடுத்த பெரிய காரணம் மேற்படிப்பு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. விலக்குகள் உண்டு: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தாலும் அமெரிக்காவைவிடக் குறைவு என்ற கணக்கு நடுத்தரக் குடும்பங்களுக்கு மனப்பாடம். செவிலியர் படிப்பு மாணவியர் தனி வகை. அவர்களுக்கு ஜெர்மன் இல்லாமல் அங்கே வேலையே இல்லை. பதிவு பெற்ற செவிலியராக அங்கீகரிக்கப்பட பொதுவாக பி2 நிலை கேட்பார்கள். மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள், ஏ1 தொடக்கம், பி2 நான்காவது படி.

புதுச்சேரியில் கதை வேறு. அந்தப் பகுதி 1954இல் இந்தியாவோடு இணைந்தது, சட்டப்படியான மாற்றம் 1962இல் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இன்றும் இரு நாட்டிலும் உறவுகள் இருக்கின்றன. பாரிசில் இருக்கும் அத்தையின் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று பிரெஞ்சு படிக்கிறவருக்கு யாரும் ஊக்கம் ஊட்ட வேண்டியதில்லை.

இவர்களைத் தவிர அனிமே பார்த்து ஜப்பானியத்துக்கு வருபவர்கள், கொரிய நாடகம் பார்த்து வருபவர்கள், தோழி சேர்ந்ததால் சேர்ந்தவர்கள், வீட்டில் அனுப்பியதால் வந்தவர்கள் எல்லாரும் உண்டு. பெரும்பாலான மாணவர்களிடம் இரண்டு மூன்று காரணங்கள் கலந்தே இருக்கும். எது முதன்மையானது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

வேலைக்காக மொழி படிப்பது மட்டமான காரணமா? மொழிமீது காதல் இருந்தால்தான் வருமா?

இந்தக் கவலையைப் பல மாணவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். இதற்கு ஓர் ஆராய்ச்சிப் பின்னணி இருக்கிறது. 1959இல் ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆங்கிலம் பேசும் பள்ளி மாணவர்கள் பிரெஞ்சு கற்பதை ஆராய்ந்தார்கள். பிரெஞ்சு பேசுவோருடன் கலந்து பழக விரும்பியவர்கள், பயன் கருதிப் படித்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள் என்பது அவர்களுடைய முடிவு. அதிலிருந்துதான் "பற்று இருந்தால்தான் மொழி வரும்" என்ற எண்ணம் பரவியது.

ஆனால் 1972இல் யாஸ்மின் லுக்மானி பம்பாயில் மராத்தி பேசும் பள்ளி மாணவியரிடம் இதையே ஆராய்ந்தபோது விடை தலைகீழாக வந்தது. படிப்பிலும் தொழிலிலும் முன்னேற ஆங்கிலம் வேண்டும் என்று கருதியவர்களே ஆங்கிலத்தில் நன்றாகத் தேர்ந்திருந்தார்கள்.

இரண்டும் சரிதான், இடம்தான் வேறு. மான்ட்ரியலில் பிரெஞ்சுக்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார், பழக விரும்பினால் பழகலாம். பம்பாய் மாணவிக்கு ஆங்கிலேயர் யாரும் அண்டை வீட்டில் இல்லை. நம் மாணவர்களின் நிலை பம்பாய் நிலைதான். கரூரில் உட்கார்ந்து ஜெர்மன் படிக்கிறவருக்கு ஜெர்மானியர்மீது பற்று வர, அவர்களைப் பார்த்திருக்கவாவது வேண்டாமா? வேலைக்காகப் படியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, குடும்பத்தைத் தூக்கி நிறுத்த ஒரு மொழி கற்கிறது என்றால் அதைவிட மதிப்பான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பா சொன்னதால்தான் சேர்ந்தேன். எனக்கு விருப்பமா என்றே தெரியவில்லை. தொடரலாமா?

சோல்டன் டோர்ன்யெய் என்ற மொழி ஆய்வாளர் 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மொழி கற்பவருக்குள் இரண்டு எதிர்கால உருவங்கள் இருக்கின்றன. ஒன்று, நான் இப்படி ஆக வேண்டும் என்று நானே விரும்பும் உருவம். இன்னொன்று, மற்றவர்களை ஏமாற்றாமலிருக்க நான் ஆகவேண்டிய உருவம். இரண்டாவது உருவம் வகுப்பில் சேர்த்துவிடும். நீண்ட நாள் உட்கார வைப்பது பெரும்பாலும் முதலாவதுதான்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு செவிலியர் மாணவி நினைவுக்கு வருகிறார். வீட்டில் முடிவு செய்து அனுப்பியிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் ஓட்டல் அறை பதிவு செய்யும் உரையாடல், ரயில் டிக்கெட் வாங்கும் உரையாடல் வந்தபோதெல்லாம் சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படுக்கையில் ஒரு வயதானவர் முனகுகிறார், நீங்கள்தான் இரவுப்பணி, என்ன கேட்பீர்கள் என்றேன். "வோ டூட் எஸ் வே?" எங்கே வலிக்கிறது என்பதற்கான ஜெர்மன் கேள்வி. அதைச் சொல்லிப் பார்த்தவர் உடனே அடுத்ததைக் கேட்டார்: எப்போதிலிருந்து வலிக்கிறது என்பதை எப்படிக் கேட்பது? திரும்பிப் படுக்க உதவட்டுமா என்பதை? மருந்து சாப்பிட்டீர்களா என்பதை? அன்று கரும்பலகை நிறைந்துவிட்டது. அப்பா விரும்பிய ஜெர்மனி மங்கலாக இருந்தது, அந்தப் படுக்கையோரம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே விருப்பம் இருக்கிறதா இல்லையா என்று மனத்தைத் துருவிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த மொழியை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எதிரில் யார், என்ன பேச்சு என்று எழுதிப் பாருங்கள். எவ்வளவு முயன்றும் அப்படி ஒரு காட்சியும் வரவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: நாட்டைப் பற்றி மட்டும் பேசாமல், அங்கே என்ன வேலை செய்ய நினைக்கிறாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

நான் தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலமே தடுமாறுகிறது. எனக்கு ஜெர்மனோ ஜப்பானியமோ வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் விரும்பி எழுதும் பதில் இதுதான். நல்ல மாணவர்கள் பலர் இந்த ஒரு பயத்தால் வாசலோடு திரும்பிப் போவதைப் பார்க்கிறேன்.

ஆங்கிலம் ஒரு மொழி, அது மொழித்திறனுக்கான அளவுகோல் இல்லை. பள்ளியில் ஆங்கிலம் சரியாகக் கிடைக்காமல் போனதற்கு ஆசிரியர் பற்றாக்குறை, வீட்டுச் சூழல், கேட்க வாய்ப்பின்மை என்று ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். மூளையில் குறை என்பது அவற்றில் ஒன்று இல்லை.

தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு இந்த மொழிகளில் சில வாசல்கள் முன்பே திறந்திருக்கின்றன. ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள். ஆங்கில வழியில் படித்த மாணவருக்கு வேற்றுமை என்பதே புதிய சங்கதி. நீங்கள் எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே உருபோடு சொல்லியிருக்கிறீர்கள். "எனக்குக் குளிர்கிறது" என்பதை ஜெர்மானியர் "மிர் இஸ்ட் கால்ட்" என்கிறார். "மிர்" என்றால் "எனக்கு". "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பதும் அப்படியே: "எஸ் கெஃபெல்ட் மிர்". ஆங்கிலம் வழியாக யோசிப்பவர் இங்கே "நான்" என்று எழுதித் தவறு செய்வார். தமிழ் வழியாக யோசித்தால் தவறு செய்யவே இடமில்லை.

ஜப்பானியத்தில் இது இன்னும் வெளிப்படை. "நேற்று வாங்கிய புத்தகம்" என்பது "கினோ கத்தா ஹோன்". கினோ நேற்று, கத்தா வாங்கிய, ஹோன் புத்தகம். சொல் வரிசைகூட மாறவில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும், பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். கொரியமும் இதே அமைப்புதான். இதை வைத்து இந்த மொழிகளெல்லாம் தமிழிலிருந்து பிறந்தவை என்று சொல்லத் தேவையில்லை. மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதும் இல்லை. கற்பவருக்கு அமைப்பு ஒத்துப்போவதே போதும்.

சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான வகுப்புகளில் விளக்கம் ஆங்கிலத்தில் நடக்கிறது, புத்தகத்தின் குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆக, தெரியாத மொழியை இன்னொரு தெரியாத மொழி வழியாகக் கற்கும்படி மாணவரைத் தள்ளுகிறோம். பிறகு அவருக்கு ஆர்வமில்லை என்று நாமே முத்திரை குத்துகிறோம். ஆசிரியரிடம் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. உங்கள் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் "எனக்குப் புரிகிறது" என்ற உணர்வு வந்துவிட்டால் ஊக்கம் தானாக வரும். புரிந்த பிறகுதான் பல பேருக்கு ஆர்வமே பிறக்கிறது.

அனிமேயும் கொரிய நாடகமும் மட்டும் போதுமா?

தொடங்குவதற்கு அருமையான காரணம். அப்படி வருபவர்களின் காது முதல் நாளே பழகியிருக்கும், ஒலிப்பு நன்றாக இருக்கும். ஆனால் திரையில் வரும் பேச்சு நண்பர்களுக்கிடையிலான பேச்சு. அதே நடையில் ஆசிரியரிடமோ அதிகாரியிடமோ பேசினால் மரியாதைக் குறைவாகிவிடும். ஜப்பானியத்தில் எழுத்தும் ஒரு பெரிய மலை: அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அந்நாட்டு அரசு பட்டியலிட்டுள்ள காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்து வகை) எழுத்துகளே 2,136. அந்தக் கட்டத்தில் நாடகம் கைகொடுக்காது. வேறொரு காரணமும் சேர வேண்டியிருக்கும்.

கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தேன். நாலு செமஸ்டர் முடிந்தும் ஒரு வாக்கியம் பேச வரவில்லை. ஏன்?

நம் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று மொழிப்பாடம் உண்டு. தமிழைவிட மதிப்பெண் எளிதாக வரும் என்று பிரெஞ்சு எடுப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. மாணவரைக் குறை சொல்ல மாட்டேன், விதிமுறை அப்படி இருக்கிறது. ஆனால் மதிப்பெண் மட்டுமே நோக்கம் என்றால் மாதிரி வினாத்தாளும் மனப்பாடக் கட்டுரையும் போதும். மொழி தேவைப்படவே இல்லை.

எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கனசதுரப் புதிரைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு ஒரு கட்டத்தில், தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. பரிசுக்காகச் செய்யப் பழகியது, பரிசு நின்றதும் நின்றுவிடுகிறது. உங்கள் பிரெஞ்சும் நான்காம் செமஸ்டர் தேர்வு அறையோடு நின்றது.

நல்ல செய்தி, படித்தது வீண்போகவில்லை. சொற்களும் வினை வடிவங்களும் உங்களுக்குள் எங்கோ கிடக்கின்றன. பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடத்தில், எந்த நிலையில் சேரலாம் என்று பார்க்கும் நிலைத்தேர்வு எழுதிப் பாருங்கள், அடிமட்டத்திலிருந்து தொடங்கவேண்டியிருக்காது.

ஏ1 வரை பிரமாதமாகப் போனது. ஏ2 முடியும்போது வெறுத்துவிட்டது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் கூட்டம் கரையும் இடம் இதுதான்.

ஏ1இல் ஒவ்வொரு வகுப்பிலும் புதிதாக ஒன்று சொல்ல முடிகிறது. பெயர், ஊர், மணி, விலை, குடும்பம். வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. ஏ2 முடிவில் பெயரடை விகுதிகள் வருகின்றன. "நல்ல" என்ற ஒரே சொல் கூட்டெ, கூட்டெர், கூட்டெஸ், கூட்டென், கூட்டெம் என்று ஐந்து விதமாக மாறும். பால், எண், வேற்றுமை, முன்னால் வரும் சொல் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மூன்று வாரம் உழைத்தும் புதிதாக எதையும் சொல்ல முடியவில்லை, முன்பு சொன்னதையே பிழையின்றிச் சொல்லத்தான் முடிகிறது என்றால் யாருக்கும் சோர்வு வரும்.

இன்னொரு காரணம், தூரம் தெரியாமல் கிளம்புவது. பி2 எட்ட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை வேண்டும் என்று, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம் சொல்கிறது. குறைந்த கணக்கில் பார்த்தாலும் 450 மணி நேரம். வாரத்துக்கு 6 மணி நேரம் என்றால் இடைவெளியே விடாமல் ஒன்றரை ஆண்டு ஆகும். "மூன்றே மாதத்தில் பி2" என்ற சுவரொட்டியை நம்பிச் சேர்ந்தவர் நான்காம் மாதத்தில் தன்னைத்தான் நொந்துகொள்வார். சுவரொட்டியை நொந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில் மூன்று காரியங்கள் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, வளர்ச்சியைக் காதால் கேட்பது. மாதம் ஒருமுறை ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பழைய பதிவைக் கேட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். இரண்டாவது, பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒன்றைப் பிடிப்பது. டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசிக்கும் ஜெர்மன் செய்திகளை இலவசமாகத் தருகிறது. ஜப்பானியத்துக்கு அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் எளிய செய்திகள் இருக்கின்றன. மூன்றாவது, இலக்கைப் பிரித்துக்கொள்வது. கோதே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகியவற்றைத் தனித்தனியாகவே எழுதலாம். ஒன்றில் தோற்றால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

செயலி மட்டும் போதுமா?

போதாது. சொற்களை மறக்காமலிருக்க நல்லது. எதிரில் இருப்பவர் எதிர்பாராமல் ஒன்றைக் கேட்டால் பதில் சொல்லச் செயலி பழக்காது.

வகுப்பில் பேசவே கூச்சம். ஆர்வம் இருந்தும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

இது சோம்பல் இல்லை. 1986இல் எலைன் ஹோர்விட்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் மொழி வகுப்புக்கே உரிய பதற்றம் ஒன்று இருப்பதைத் தனியாக அடையாளம் கண்டு, அதை அளக்கும் கேள்விப் பட்டியலையும் உருவாக்கினார்கள். மற்ற பாடங்களில் கெட்டிக்காரராக இருப்பவரிடமும் இது இருக்கும். நினைப்பது பெரிது, சொல்ல முடிவது சிறிது என்ற நிலை வளர்ந்த பிள்ளைகளுக்கு அவமானமாகப் படுகிறது.

இருவர் இருவராகப் பேசிப் பழகிவிட்டுப் பிறகு வகுப்பின் முன் பேசுங்கள். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: மாணவர் பேசும்போது வாக்கியத்தின் நடுவே திருத்தாதீர்கள். முடிக்கட்டும். மற்றவர்கள் சிரிக்க அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். ஒருமுறை சிரிப்புக்கு ஆளானவர் அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேதனை.

எம்.எஸ். ஆங்கிலத்திலேயே இருக்கிறதே, எதற்கு ஜெர்மன்?

பட்டத்துக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். வீட்டு வாடகை ஒப்பந்தம், அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், பகுதிநேர வேலை ஆகியவற்றுக்குத் தேவை. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி கிடைக்கும். அந்தச் சமயத்தில் உட்கார்ந்து பெயரடை விகுதி படிப்பது மிகவும் கடினம். இங்கே இருக்கும்போதே பி1 முடித்துவிட்டுப் போகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

முதலில், கட்டாயமாக்கி ஒரு செமஸ்டரில் ஒரு மொழியை மேலோட்டமாகக் கற்றுக்கொடுத்து, கிரெடிட் கொடுத்து அனுப்புவதை நிறுத்தலாம். விரும்பியவர்களுக்கு மட்டும், ஆனால் இரண்டு ஆண்டு தொடர்ந்து, அதே ஆசிரியரிடம் என்று வைத்தால் பலன் இருக்கும். மாலையில் விடுதி மாணவர்களும் வர முடிகிற நேரத்தில் வகுப்பு வையுங்கள். தேர்வுக் கட்டணம் ஏழை மாணவர்களுக்குப் பெரும் சுமை, தேறியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தாலே பலர் துணிந்து எழுதுவார்கள். ஒரகடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் பேச வையுங்கள். தங்களைப் போலவே தமிழ் வழியில் படித்துவிட்டுப் போன ஓர் அண்ணனோ அக்காவோ எதிரில் நின்று அந்த மொழியில் பேசுவதைப் பார்ப்பதற்கு ஈடான ஊக்கத்தை நான் கண்டதில்லை.

எப்போது தொடங்குவது நல்லது? பாதியில் விட்டவர்கள் என்ன செய்வது?

இரண்டாம் ஆண்டு தொடக்கம் பொருத்தமான நேரம். கடைசி ஆண்டில் புராஜெக்டும் வேலை நேர்காணலும் சேர்ந்து நெருக்கும். செமஸ்டர் தேர்வு மாதங்களில் புதுப்பாடம் வேண்டாம். தினம் பதினைந்து நிமிடம் கேட்பதை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் விட்டவர்கள் விட்ட இடத்துக்கு ஒரு நிலை கீழே சேருங்கள். இரண்டு மாதத்தில் பழையது திரும்பிவிடும். ஜப்பானியம் என்றால் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் வருகிறது, சென்னையிலேயே எழுதலாம். அதில் பேச்சுத் தேர்வு கிடையாது என்பதால் பேசும் பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மன் என்றால் நுங்கம்பாக்கத்தில் உள்ள கோதே நிறுவனத்தில், நம் ஊரில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அழைப்பார்களே அங்கே, தேர்வுத் தேதிகளை முன்கூட்டியே பாருங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு செய்தபின் படிக்கத் தொடங்கலாம் என்று இருக்காமல், முதல் வாரமே பழைய குறிப்பேட்டை எடுத்து, தெரிந்த பாடத்திலிருந்து வாசிக்க ஆரம்பியுங்கள்.